காருக்குக் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு: டெல்டாவில் கோல்ட் ஏர் இன்டேக் தேர்ந்தெடுப்பது எப்படி

"ஏண்டா, காத்து வாங்க அறுபதாயிரமா? பாலக்கரையில போய் நின்னா சும்மாவே கிடைக்குமே."

பில்லைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது. அப்போது எரிச்சலாக இருந்தது. எட்டு மாதம் கழித்து யோசித்தால் முக்கால்வாசி அவர் சொன்னதுதான் சரி. நான் சென்னையில் செகண்ட் ஹேண்டாக ஒரு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வாங்கிக் கும்பகோணத்துக்கு ஓட்டி வந்தேன். 5.0 லிட்டர் வி8, இந்தியாவில் விற்றபோது 401 பிஎஸ் என்று சொல்லி விற்ற வண்டி. அதற்கு மேலும் பவர் வேண்டும் என்று எந்த நேரத்தில் தோன்றியதோ, கோல்ட் ஏர் இன்டேக் (வெளியிலிருக்கும் குளிர்ந்த காற்றை என்ஜினுக்குக் கொண்டுபோகும் குழாயும் ஃபில்டரும்) என்று இரண்டு கிட் வாங்கி, ஒன்றைக் கழற்றிப் போட்டு, ஒரு சென்சாரை நானே கெடுத்து, பிறகுதான் வழிக்கு வந்தேன். திருவையாறிலிருந்து நாகப்பட்டினம் வரைக்குள் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்களில் ஒருவராவது இந்தச் செலவிலிருந்து தப்பட்டும். ஆக்டேவியா ஆர்எஸ், போலோ ஜிடி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். டர்போ வண்டிக்கு மாறும் இடத்தைத் தனியாகச் சொல்கிறேன்.

1. வாங்குமுன் பானட்டைத் திறந்து பாருங்கள்

என்ஜினுக்குப் போகும் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் வாய் வரை போங்கள். அது கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் திறந்திருந்தால், உங்கள் வண்டியில் ஏற்கெனவே கோல்ட் ஏர் இன்டேக் இருக்கிறது. கம்பெனியே போட்டுக் கொடுத்தது. பெரும்பாலான நவீன கார்களில் இப்படித்தான். இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார்.

அடுத்து, ஒரு புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் என்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலை தெரியும். இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் என்ஜினை அணைக்காமல் நிற்கும்போது எவ்வளவு, 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது எவ்வளவு. கத்திரி வெயிலில் தஞ்சாவூர் ரோட்டில் நான் எடுத்தது: வெளியே 38 டிகிரி, கேட்டில் 52, ஓட்டத்தில் 43. கம்பெனி பாக்ஸோடு (வண்டியோடு வந்த ஃபில்டர் பெட்டி) இருந்தபோது எடுத்த எண்கள் இவை. இப்படி ஒரு கணக்கு கையில் இல்லாமல் எந்தக் கிட்டையும் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு நல்லதா கெட்டதா என்று சொல்ல உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது. காது ஏமாற்றும். சத்தம் கூடினால் வேகம் கூடியதாகவே தோன்றும்.

கணக்கு எளிது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். அந்த அளவுக்கு ஆக்ஸிஜனும் குறைவு, பவரும் குறைவு.

டர்போ வண்டிக்காரர்களுக்கு: உங்கள் வண்டியில் டர்போ காற்றை அமுக்கிச் சூடாக்குகிறது, அதன் பிறகு இன்டர்கூலர் அதைக் குளிர வைக்கிறது. அதனால் டர்போவுக்கு முன்னால் சில டிகிரி குறைப்பதால் கிடைப்பது சொற்பம். 'ஷ்ஷ்' என்ற அந்த டர்போ சத்தம் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்றால் அதில் தப்பே இல்லை. ஆனால் உங்களிடம் நீங்களே பொய் சொல்லாதீர்கள்.

2. வகையை முடிவு செய்யுங்கள்

கடையில் நான்கு வகை காட்டுவார்கள்.

முதலாவது, கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே மாற்றிப் போடும் பேனல் ஃபில்டர். ஐந்து நிமிட வேலை. பவர் பெரிதாகக் கூடாது, ரிஸ்க்கும் இல்லை.

இரண்டாவது, திறந்த கோன் ஃபில்டர். குட்டைக் குழாய், நுனியில் கூம்பு, மூடி கிடையாது. பார்க்க அழகு, விலை குறைவு. நான் முதலில் ஏமாந்தது இதில்தான். மாட்டிய மறுநாள் அதே கேட், ஏறக்குறைய அதே வெயில், அதே ஐந்து நிமிடம். ஸ்கேனரில் 71 டிகிரி. 52 இருந்த இடத்தில் 71! ரேடியேட்டரும் என்ஜினும் கக்கும் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்தது. 'கோல்ட் ஏர்' என்று பெட்டியில் அச்சடித்த பொருள். காற்றின் அடர்த்தி 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து போயிற்று. கேட் திறந்து வண்டியை எடுத்தபோது சத்தம் சிங்கம் மாதிரி இருந்தது, இழுவை இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "ஸ்பீடுல போனா சரியாயிடும் சார்" என்றார். அதுவும் ஓரளவு உண்மைதான். ஓட்டத்தில் 48-க்கு இறங்கியது. ஆனால் மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் எங்கே ஸ்பீடில் போவது?

மூன்றாவது, நீளக் குழாய் வழியாக ஃபில்டரையே பம்பருக்குப் பின்னால் அல்லது ஃபெண்டருக்குள் (டயருக்கு மேலுள்ள தகட்டுக்குள்) இறக்கும் வகை. குளிர்ந்த காற்று கிடைக்கும். ஆனால் 4-ஆம் பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காவது, மூடிய பாக்ஸ். பெரிய ஃபில்டர், முழுக்க மூடிய பெட்டி, கம்பெனி வாயிலிருந்தே காற்று எடுக்கும். விலை அதிகம். இன்று என் வண்டியில் இருப்பது இதுதான். கேட்டில் 53, ஓட்டத்தில் 41. ஆக, நின்றால் பழைய மாதிரி, ஓடினால் 2 டிகிரி லாபம். இவ்வளவுக்குத்தான் இத்தனை பணம் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வாங்கும்போது மூடி உண்மையிலேயே மூடுகிறதா என்று பாருங்கள். சில கிட்டுகளில் மூன்று பக்கம் தகடு, நான்காவது பக்கம் பானட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டும் ரப்பர் பட்டை. அந்த ரப்பர் வெயிலில் ஆறு மாதத்தில் விறைத்துப் போனால் அதுவும் திறந்த கோன்தான்.

குழாய் அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. நிற்கும்போது அலுமினியம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கிளாம்ப் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று மட்டும் கேளுங்கள். உப்புக் காற்று சாதாரண கிளாம்பை விட்டுவைக்காது.

3. சுணை: எந்த ஃபில்டர் துணி?

எங்களுக்கு நெல் மில் இருக்கிறது. அதனால் தூசு பற்றிக் கொஞ்சம் பேச எனக்கு உரிமை உண்டு.

தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் ஒரு நாள் பாக்ஸைத் திறந்தேன். ஃபில்டரின் மடிப்புகளுக்குள் பதர், வைக்கோல் துணுக்கு, ஒரு செத்த தும்பி. இவை பிரச்சினை இல்லை, தட்டினால் விழும். இவற்றுக்கு அடியில் மஞ்சளாக, மாவு மாதிரி ஒன்று படிந்திருந்தது. சுணை. களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், உடம்பில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, அதன் மேல் லாரி ஓடி, பக்கத்து வயலில் அறுவடை மிஷின் ஓடும்போது நாம் ஜன்னலை ஏற்றிக்கொள்கிறோம். என்ஜினுக்கு ஜன்னல் கிடையாது. நெல் உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது. உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் உப்புக் காகிதம் போட்ட மாதிரி தேய்க்கும்.

எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் காற்று எளிதாகப் போகும், கழுவிப் பல வருஷம் பயன்படுத்தலாம். ஆனால் சுணை எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் தட்டினால் வராது. கழுவி, நிழலில் முழுக்கக் காய வைத்து, மறுபடி எண்ணெய் போட வேண்டும். ஒரு நாள் வண்டி நிற்கும். உலர்ந்த சிந்தெட்டிக் ஃபில்டரில் எண்ணெய்த் தொல்லை இல்லை. கம்பெனி பேப்பர் ஃபில்டர் தூசு பிடிப்பதில் கெட்டிக்காரன், விலையும் குறைவு, அழுக்கானால் தூக்கிப் போடலாம். நம் ஊருக்கு என் ஓட்டு உலர்ந்த சிந்தெட்டிக்குக்குத்தான். பணம் போட மனமில்லை என்றால் கம்பெனி பேப்பரே போதும், அடிக்கடி மாற்றுங்கள்.

பெட்டியில் '99 சதவீதம் தூசு பிடிக்கும்' என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஐஎஸ்ஓ 5011 முறைப்படி சோதித்த அறிக்கை இருக்கிறதா, அதில் எந்த அளவுத் தூசு போட்டுச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். அறிக்கை தராத கம்பெனியை ஒதுக்குங்கள்.

போலிகளும் உண்டு. ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். காட்டனில் ஊசிமுனை வெளிச்சம் தெரிவது இயல்பு. ஓர் இடத்தில் மட்டும் பெரிதாகத் தெரிந்தாலும், ரப்பர் விளிம்பு மேடு பள்ளமாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஃபில்டர் மாட்டி 500 கி.மீ. ஓட்டியபின், அதைக் கழற்றி, ஃபில்டரைத் தாண்டிய பக்கம் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளை வேட்டித் துணியால் துடையுங்கள். துணி அழுக்கானால் ஃபில்டர் விடுகிறது, அல்லது விளிம்பில் சந்து இருக்கிறது. சந்து என்றால் சரி செய்யலாம். ஃபில்டர் என்றால் பணம் போனது போகட்டும், தூக்கிப் போடுங்கள்.

4. தண்ணீர்

டிராக்டரில் காற்று எடுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மேலே, பானட்டுக்கு மேல். சேற்றில் இறங்கும் வண்டிக்கு அதுதான் சரியான இடம். நாம் என்ன செய்கிறோம்? லட்சக்கணக்கில் வண்டி வாங்கி, அதன் மூக்கைக் கொண்டுபோய் டயருக்குப் பக்கத்தில் வைக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலும் ரோடும் ஒன்றாகும் இடங்கள் உங்களுக்கே தெரியும். ஓர் அடித் தண்ணீரில் மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று நினைப்போம். எதிரே பஸ் வரும். அது தள்ளும் அலை நம் பம்பருக்கு மேல் ஏறும். ஃபெண்டருக்குள் இறக்கிய ஃபில்டர் அந்த நேரத்தில் தண்ணீரை உறிஞ்சினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விடும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். இதற்கு ஹைட்ரோலாக் என்று பெயர். என்ஜினையே இறக்க வேண்டிய செலவு.

வாங்குமுன் ஒரு டேப் எடுத்து, தரையிலிருந்து காற்று வாய் வரை அளந்து பாருங்கள். புதுக் கிட்டின் வாய் கம்பெனி வாயைவிடக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். 'நீர் புகாத உறை போட்டுக்கலாம் சார்' என்பார்கள். அந்த உறை தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும், மூழ்கினால் தடுக்காது.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இதை மட்டும் வீட்டில் சாவி எடுக்கும் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். இழுவை வண்டிதான்.

5. சென்சார், டியூன்

மஸ்டாங்கில் காற்றின் அளவைக் கணக்கிட எம்.ஏ.எஃப். சென்சார் குழாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. குழாயின் விட்டம் மாறினால் கணக்கு தப்பும், பெட்ரோல் அளவும் தப்பும். அந்தக் கணக்கை வண்டியின் கம்ப்யூட்டரில் திருத்துவதுதான் டியூன். அதனால் கிட்டுகளில் 'டியூன் வேண்டாம்', 'டியூன் கட்டாயம்' என்று இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கம்பெனி விட்டமே இருக்கும். நம் பக்கம் இருப்பவர்கள் அதோடு நிற்பது நல்லது. டியூன் செய்யச் சென்னைக்கோ கோவைக்கோ போக வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் மறுபடி போக வேண்டும்.

இப்போது என் முட்டாள்தனம். முதல் கிட்டில் வந்த காட்டன் ஃபில்டரைக் கழுவிவிட்டு, தலைக்கு எண்ணெய் வைப்பது போலத் தாராளமாகச் சிவப்பு எண்ணெயைப் போட்டேன். இரண்டாம் நாள் பாபநாசம் தாண்டும்போது செக் என்ஜின் லைட். ஸ்கேனரில் பி0171, பி0174. என்ஜினின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால் பொதுவான ஏதோ ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்: சென்சார், அல்லது அதற்குப் பிறகு எங்கோ காற்றுக் கசிவு. எனக்குச் சென்சார். ஃபில்டரிலிருந்து கிளம்பிய எண்ணெய் அதன் மெல்லிய முனையில் படலமாக ஒட்டி, வரும் காற்றைக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

எம்.ஏ.எஃப். கிளீனர் என்று தனியாக ஸ்பிரே வருகிறது. அதை அடித்து, கை படாமல், தானாகக் காயவிட்டு மாட்டினேன். சரியாயிற்று. கார்புரேட்டர் ஸ்பிரே அடிக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், பங்க்சர் கடையில் காற்றடித்துக் காயவைக்கவும் வேண்டாம்.

6. காகிதங்கள்

இதை யாரும் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. சத்தம், புகை அளவு மீறினால் 190-ஆம் பிரிவு தனி, அதில் 10,000 வரை அபராதம் போகும். அதே அளவு பேனல் ஃபில்டர் சாதாரண ஸ்பேர் பார்ட் மாதிரிதான். முழுக் கிட் இரண்டுங்கெட்டான் நிலை. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்று அச்சிட்ட கிட்டை ரோட்டு வண்டியில் மாட்டாதீர்கள்.

கையில் இருக்க வேண்டியவை:

- கிட்டின் ஜிஎஸ்டி பில். பார்ட் நம்பர் அதில் தெளிவாக இருக்க வேண்டும். 'கார் ஆக்சஸரீஸ்' என்று மொட்டையாகப் போட்ட பில் எதற்கும் உதவாது.
- வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கம் கட்டிய ரசீது. கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள், முன்கூட்டியே பதிவேற்றி வைத்தால் நான்கைந்து நாள் மிச்சம்.
- இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவித்த மெயிலும், அவர்கள் எழுத்தில் தந்த பதிலும். போனில் 'பரவாயில்லை சார்' என்றால் நம்பாதீர்கள். சொல்லாமல் மாட்டினால் கிளைம் நேரத்தில் அதையே காரணம் காட்டலாம்.
- என்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து என்ஜின் போவது பொதுவாகச் சேராது. டெல்டாவில் இது இல்லாமல் மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள்.
- புதிய புகைச் சான்று. பி.எஸ். 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். பழைய சான்று ஒரு வருஷம் செல்லும் என்றாலும், கிட் மாட்டிய வாரமே மறுபடி எடுங்கள். கணக்கு தப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம்.

7. செலவும் நாளும்

எனக்கு ஆனது: திறந்த கோன் கிட் 18,000 (வீண்). மூடிய பாக்ஸ் கிட், கூரியர், சுங்கம், வரி எல்லாம் சேர்த்து 61,000. சென்சார் ஸ்பிரே 600. மாட்டும் கூலி 1,500. வெறும் பேனல் ஃபில்டர் என்றால் எனக்குச் சொன்ன விலை 7,000. விளம்பரத்தில் போடும் டாலர் விலையை 80, 90-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சரக்குக் கட்டணமும் வரியும் சேர்ந்தால் ஏறக்குறைய இன்னொரு பங்கு.

கிட் வர எனக்கு ஐந்து வாரம். ஆவணியில் ஆர்டர் செய்தால் மழைக்குள் வந்து நிற்கும், அது தப்பான நேரம். மாசியில் ஆர்டர் செய்து, அறுவடைத் தூசு அடங்கியபின் பங்குனி, சித்திரையில் மாட்டுங்கள். கோடையில் மாட்டினால் வெப்பநிலைச் சோதனைக்கும் வசதி.

டைனோவில் (பவர் அளக்கும் மிஷின்) ஏற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று: முன்னும் பின்னும் ஒரே டைனோ, பானட் மூடிய நிலையில், அன்றைய வெப்பநிலைக்குத் திருத்தம் போட்ட எண். பானட்டைத் திறந்து பெரிய ஃபேன் வைத்தால் திறந்த கோன்கூட ஜெயிக்கும்.

8. மாட்டும் நாள்

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம். திறந்த குழாய் வாயில் சுத்தமான துணி, உள்ளே ஒரு நட்டு விழுந்தால் நாள் போய்விடும். சின்ன பிரீதர் ஹோஸ் (என்ஜின் ஆவியை இன்டேக் குழாய்க்குக் கொண்டுவரும் ரப்பர் குழாய்) ஒன்று இருக்கும், அதை மறப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. கிளாம்பை ஹோஸ் பிதுங்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். பானட்டை மெதுவாக மூடி, எங்காவது இடிக்கிறதா என்று பாருங்கள்.

மெக்கானிக் பழகியவராக இருந்தாலும் பக்கத்தில் நில்லுங்கள். டீ குடிக்கப் போனீர்கள் என்றால் சென்சார் தலைகீழாக இருக்கும். அதன் மேல் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி உண்டு.

100 கி.மீ. ஓடியதும் கிளாம்ப் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் (வண்டி தானாகப் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது) என்ற எண் இரண்டு பக்கமும் பிளஸ் 10-க்கு மேல் தங்கினால் எங்கோ கசிவு, அல்லது சென்சார் கோளாறு. அதே கேட்டில் அதே ஐந்து நிமிடம் நின்று வெப்பநிலையையும் எடுத்துவிடுங்கள்.

கழற்றிய கம்பெனி பாக்ஸ், போல்ட், ரப்பர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு, மேலே வண்டி நம்பர் எழுதிப் பரணில் ஏற்றுங்கள். விற்கும்போது கேட்பார்கள். ஐப்பசி பிறந்ததும் நானே இறக்கிப் பழையதை மாட்டிவிடுகிறேன், தை முடிந்து நெல் ரோட்டை விட்டுப் போன பிறகு மறுபடி கிட். அப்பா இதற்கும் ஏதோ சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.